ஆபீஸ் மெயில் சர்வர் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்க

"சார், மெயில் வரலை" என்று ஒருவர் வந்து நின்றால் அதற்குப் பத்து அர்த்தம் இருக்கலாம். அனுப்பியவர் பக்கமே போகாமல் நின்றிருக்கலாம். சர்வருக்கு வந்து கியூவில், அதாவது காத்திருக்கும் வரிசையில், கிடக்கலாம். பெட்டிக்குள் விழுந்தும் அவுட்லுக் காட்டாமல் இருக்கலாம். ஸ்பேம் ஃபோல்டரில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். அவர் சொல்வதை வைத்து உடனே அமைப்பைத் திருத்தப் போனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்ததும் சேர்ந்து நிற்கும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 20 முதல் 50 பேர் வரை உள்ள ஆபீஸ். உள்ளேயே ஒரு டெபியன் அல்லது உபுண்டு சர்வர். மெயிலை வாங்கி அனுப்ப போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து காட்ட டவ்காட். மேஜைகளில் அவுட்லுக்கும் தண்டர்பேர்டும், பாக்கெட்டில் ஃபோன்களும். அமைப்புப் பெயர்களைத் தமிழில் உச்சரிப்பின்படியே எழுதியிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்.

முதலில் லாக்

எந்த அறிகுறியானாலும் முதல் வேலை மெயில் லாக்கை, அதாவது சர்வர் தன் வேலைகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டை, திறப்பது. டெபியன் 12-இலிருந்து, லாக்கைக் கோப்பில் எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை. அதனால் வழக்கமான இடத்தில் மெயில் லாக் கோப்பு இல்லையே என்று திகைக்க வேண்டாம், ஜர்னல்சிடிஎல் கட்டளை மூலம் பார்க்கலாம்.

அனுப்பியவர் அல்லது பெறுபவர் முகவரியை வைத்துத் தேடினால் அந்த மெயிலின் கியூ எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து மறுபடி தேடினால் அதன் முழு வரலாறும் வரிசையாக வரும். கடைசி வரியில் இருக்கும் டிஎஸ்என் (ஒப்படைப்பு நிலை) எண்ணின் முதல் இலக்கம் பாதி கதையைச் சொல்லிவிடும். 2 என்றால் ஒப்படைத்தாயிற்று. 4 என்றால் தற்காலிகத் தடை, போஸ்ட்ஃபிக்ஸ் மறுபடி முயலும். 5 என்றால் திட்டவட்டமாக மறுத்துவிட்டார்கள், திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. அதே வரியின் அடைப்புக்குறிக்குள், இன்ன ஹோஸ்ட் இப்படிச் சொன்னது என்ற பொருளில் ஆங்கில வாக்கியம் இருந்தால் அது எதிர் சர்வரின் பதில். அப்படி இல்லையென்றால் அது நம் சர்வரே சொல்லும் குறை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், எதிராளி மறுத்ததற்கு நம் அமைப்பைப் பிரித்துப் போடுபவர்கள் நிறையப் பேர்.

லாக்கில் அந்த மெயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையா? அப்படியானால் அது சர்வரைத் தொடவே இல்லை. அனுப்பியது உள்ளே இருப்பவர் என்றால் அவருடைய கணினியையும் ரவுட்டரையும் பாருங்கள். வெளியே இருப்பவர் என்றால் டிஎன்எஸ்ஸை, அதாவது டொமைன் பெயர் எந்தச் சர்வரைச் சுட்டுகிறது என்று சொல்லும் பதிவுகளை, பாருங்கள்.

எதையும் மாற்றும் முன் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் இரண்டின் அமைப்பு அடைவுகளையும் தேதி போட்டு நகல் எடுத்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

ஆபீசுக்குள் போகிறது, வெளியே போகவில்லை

போஸ்ட்கியூ -பி என்று தட்டிப் பாருங்கள். கியூ நீண்டுகொண்டே போய், ஒவ்வொன்றின் கீழும் இணைப்பு நேரம் கடந்தது என்ற வரி இருந்தால், சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுத்துக்கொள்ளும் 25-ஆம் போர்ட் வெளிப்போகும் பக்கம் அடைபட்டிருக்கிறது. சர்வரிலிருந்தே டெல்நெட் மூலம் ஜிமெயிலின் எம்எக்ஸ் சர்வரை (ஒரு டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) 25-இல் தொட்டுப் பாருங்கள். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி திறந்திருக்கிறது. ஒன்றும் வராமல் கர்சர் மட்டும் கண்சிமிட்டினால் அடைப்பு உறுதி. ஸ்பேமைத் தடுப்பதற்காகப் பல இணையச் சேவையாளர்களும் கிளவுட் நிறுவனங்களும் இந்தப் போர்ட்டை இயல்பாகவே மூடி வைக்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸில் எதைத் திருகினாலும் இது திறக்காது.

நிலையான ஐபி வாங்கியிருந்தால் சேவையாளரிடம் எழுத்தில் கேட்டுத் திறக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் ரிலே ஒன்றின், அதாவது நம் மெயிலை வாங்கி வெளியே அனுப்பித் தரும் இன்னொரு சர்வரின், வழியாக 587-ஆம் போர்ட்டில் அனுப்ப வேண்டும். ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுங்கள். அது இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் தேடிக்கொண்டு வேறெங்கோ போய்விடும். கடவுச்சொல் கோப்பில் எழுதும் பெயரும் அடைப்புக்குறி, போர்ட் உட்பட எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும். திருத்திய பின், அந்தக் கோப்பை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறந்தால் பழைய கடவுச்சொல்தான் போகும். கோப்பின் அனுமதியை 600 ஆக வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பொருத்தமான அங்கீகார முறை இல்லை என்று லாக் புலம்பினால், டெபியனில் லிப்சாஸ்எல்2-மாடியூல்ஸ் என்ற பொதி நிறுவப்படவில்லை என்று அர்த்தம். அதை நிறுவினால் வேலை முடிந்தது.

இன்னொரு பொறி: எஸ்எம்டிபி என்று தொடங்கும் அமைப்புகள் நாம் வெளியே அனுப்புவதற்கு, எஸ்எம்டிபிடி என்று தொடங்குபவை நம்மிடம் வருவதற்கு. கடைசியில் ஒட்டியிருக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. இணையத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது இந்த ஓர் எழுத்தால் அரை நாள் போகும்.

நேரம் கடந்தது என்று வராமல், ஹோஸ்ட் கிடைக்கவில்லை, மறுபடி முயல்க என்று வந்தால் கதை வேறு. சர்வரில் டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்கும் கட்டளை) போட்டால் பெயருக்கு விடை வருகிறது, போஸ்ட்ஃபிக்ஸுக்கு மட்டும் வரவில்லை. டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் பல பகுதிகள் தனிச் சிறைக்குள், அதாவது மற்ற கோப்புகள் தெரியாத ஓர் அடைவுக்குள், ஓடக்கூடியவை. அங்கே டிஎன்எஸ் முகவரி எழுதியிருக்கும் ரிசால்வ் கோப்பின் நகல் ஒன்று தனியாக இருக்கும். ரவுட்டர் மாற்றிய பின் அந்த நகல் பழைய டிஎன்எஸ் முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கலாம். போஸ்ட்ஃபிக்ஸை முழுதாக நிறுத்தித் தொடங்கினால் நகல் புதுப்பிக்கப்படும்.

இந்த அறிகுறியோடு சேர்த்துச் செய்ய வேண்டிய ஒரு மாற்றம் உண்டு. தற்காலிகத் தடையில் மாட்டிய மெயிலை போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாக 5 நாள் வைத்திருந்து முயலும். டிலே வார்னிங் டைம் என்ற அமைப்பு இயல்பாக 0, அதாவது எச்சரிக்கை கிடையாது. டெண்டரோ பில்லோ அனுப்பியவர் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி 5 நாள் நிம்மதியாக இருப்பார், ஆறாம் நாள்தான் திரும்பி வரும். அதை 4 மணி நேரம் என்று வைத்துவிடுங்கள்.

போகிறது, ஆனால் ஸ்பேமில் விழுகிறது அல்லது ஜிமெயில் மறுக்கிறது

550 5.7.25 என்று திரும்பினால் உங்கள் ஐபிக்குப் பிடிஆர் பதிவு (ஐபியைக் கேட்டால் பெயரைச் சொல்வது) இல்லை. இதை டொமைன் வாங்கிய இடத்தில் தேடாதீர்கள். ஐபி யாருடையதோ அவர்தான், அதாவது இணையச் சேவையாளர்தான், போட்டுத் தர முடியும். ஐபியைக் கேட்டால் மெயில் சர்வரின் பெயர் வர வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டால் அதே ஐபி வர வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸின் மைஹோஸ்ட்நேம் வரியிலும் அதே முழுப் பெயர் இருக்கட்டும். லோக்கல்ஹோஸ்ட் என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் சர்வரை யாரும் வாசலில் விடமாட்டார்கள்.

சில மெயில் போகிறது, சில மறுக்கப்படுகிறது என்றால் ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள். ஐபிவி4-க்குப் பிடிஆர் வாங்கியிருப்பீர்கள், ஐபிவி6-க்கு இருக்காது. சர்வர் ஒருமுறை அந்த வழியிலும் ஒருமுறை இந்த வழியிலும் போகும். ஐநெட் புரோட்டோகால்ஸ் வரியை ஐபிவி4 என்று மட்டும் வைத்துவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

550 5.7.26 என்றால் எஸ்பிஎஃப், டிகேஐஎம் சரிபார்ப்பில் தோல்வி. எஸ்பிஎஃப் என்பது உங்கள் டொமைன் பெயரில் யார் யார் அனுப்பலாம் என்ற டிஎன்எஸ் பதிவு, டிகேஐஎம் என்பது மெயிலில் சர்வர் இடும் மின்கையெழுத்து. கூகுள் 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோரிடமும் இவற்றில் ஒன்றையாவது கேட்கிறது. நாளொன்றுக்கு 5000-க்கு மேல் அனுப்புபவர்கள் இரண்டையும் வைத்து டிமார்க்கும் (சரிபார்ப்பில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) போட வேண்டும். சின்ன ஆபீஸ் என்றாலும் மூன்றையும் போட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

எஸ்பிஎஃப்-இல் அடிக்கடி நடக்கும் தவறு இரண்டு பதிவுகள். பழைய ஹோஸ்டிங்காரர் போட்டது ஒன்று, நீங்கள் போட்டது இன்னொன்று. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக இணைத்து எழுதுங்கள். ரிலே வழியாக அனுப்புகிறீர்கள் என்றால் அந்த ரிலேக்காரரையும் அதில் சேர்க்க வேண்டும். கணக்கு மென்பொருள், செய்திமடல் சேவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் டிஎன்எஸ் தேடல் 10-ஐத் தாண்டி மொத்தப் பதிவும் பிழையாகிவிடும்.

டிகேஐஎம்-இல் 2048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் நீளும். அந்தச் சாவியை டிஎன்எஸ்ஸில் வைக்கும் டிஎக்ஸ்டி பதிவின் ஒரு சரத்தில் 255 எழுத்துதான் கொள்ளும். சில டொமைன் பலகைகள் மீதியைச் சொல்லாமல் வெட்டிவிடும். மேற்கோள் குறிக்குள் இரண்டு துண்டாக எழுதுங்கள். சாவி சரி, ஆனால் உடற்பகுதி பொருந்தவில்லை என்று வந்தால், கையெழுத்திட்ட பிறகு ஏதோ ஒன்று மெயிலை மாற்றுகிறது. மெயிலின் அடியில் சட்டக் குறிப்பு சேர்க்கும் நிரல்தான் பெரும்பாலும் குற்றவாளி. அதைக் கையெழுத்துக்கு முன்னால் நகர்த்துங்கள்.

சோதிக்க ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே மூலத்தைக் காட்டச் சொன்னால் மூன்றின் முடிவும் மேலேயே தெரியும்.

வெளியிலிருந்து எதுவும் வரவில்லை

எம்எக்ஸ் பதிவு ஐபி எண்ணைச் சுட்டக்கூடாது, சிநேம் என்ற மாற்றுப்பெயர்ப் பதிவையும் சுட்டக்கூடாது. ஐபியைச் சொல்லும் ஏ பதிவு உள்ள ஒரு பெயரைச் சுட்ட வேண்டும். அது சரி என்றால், ஃபோனின் மொபைல் டேட்டாவிலிருந்து 25-ஆம் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்து ஏமாறாதீர்கள், மொபைல் நிறுவனமே அதை மூடியிருக்கக்கூடும். இணையத்தில் உள்ள சோதனைத் தளம் ஒன்றில் பாருங்கள். ரவுட்டரின் வெளி ஐபி 100.64-இல் தொடங்கி 100.127-க்குள் இருந்தால் நீங்கள் சேவையாளரின் பொது நேட்டுக்கு (பலர் ஒரே வெளி ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறீர்கள். நிலையான ஐபி வாங்காமல் உள்வரும் மெயில் கிடையாது.

554 5.7.1, ரிலே அனுமதி இல்லை என்று அனுப்பியவருக்குத் திரும்பினால், உங்கள் டொமைன் தன்னுடையது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்கே தெரியவில்லை. கணினிப் பயனர்களே மெயில் பயனர்கள் என்றால் மைடெஸ்டினேஷனில் டொமைனைச் சேருங்கள். தரவுத்தளத்தில் பயனர்கள் இருந்தால் விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸில் சேருங்கள். இரண்டிலும் சேர்த்தால் லாக்கில் எச்சரிக்கை வரும், பெட்டி இருந்தும் பயனர் இல்லை என்று மறுக்கும்.

எல்லோரும் அனுப்புவது வருகிறது, நம் இணையதளத்தின் தொடர்புப் படிவம் மட்டும் வரவில்லையா? தளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர், அந்த டொமைனின் மெயிலும் தன்னிடமே இருப்பதாக நினைத்துத் தன் வட்டிலேயே போட்டுக்கொள்கிறது. சிபேனலில் ஈமெயில் ரூட்டிங் பகுதிக்குப் போய் ரிமோட் என்று மாற்றுங்கள். பழைய மெயில்கள் அங்கே ஏதாவது பெட்டியில் கிடக்கின்றனவா என்றும் ஒருமுறை பாருங்கள், மாதக்கணக்கான விசாரணைகள் கிடைக்கலாம்.

நேற்றுவரை வந்தது, இன்று ஒருவர் விடாமல் எல்லோரையும் மறுக்கிறது, லாக்கில் ஸ்பாம்ஹவுஸ் (ஸ்பேம் அனுப்பும் ஐபிகளைக் கறுப்புப் பட்டியலிடும் அமைப்பு) பெயர் இருக்கிறது என்றால் கறுப்புப் பட்டியலைக் குறை சொல்லாதீர்கள். சர்வர் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்கிறது. பொது டிஎன்எஸ் வழி வரும் கேள்விக்கு ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் தரும். எந்த விடை வந்தாலும் மறு என்று எழுதப்பட்ட அமைப்பு அதையும் ஸ்பேம் என்று எடுத்துக்கொள்ளும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி நேரடியாகக் கேட்க வையுங்கள்.

அவுட்லுக் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது

பயனர் கடவுச்சொல்லை மறந்திருப்பார் என்று உடனே மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். சர்வரில் டவ்அட்ம் ஆத் டெஸ்ட் என்று பயனர் பெயர் கொடுத்துப் பாருங்கள். அங்கே தேறினால் கடவுச்சொல் சரி, கோளாறு வழியில்.

அங்கேயே தோற்றால் பயனர் பெயரின் வடிவத்தைப் பாருங்கள். டவ்காட் முழு முகவரியை எதிர்பார்க்கும்போது அவுட்லுக் முன்பாதியை மட்டும் அனுப்பும், அல்லது தலைகீழாக.

பெட்டி திறக்கிறது, அனுப்பும்போது மட்டும் கேட்கிறது என்றால் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டவ்காட்டுக்கும் நடுவே உள்ள சாக்கெட்டில், அதாவது இரண்டும் பேசிக்கொள்ளும் இணைப்பில், கோளாறு. லாக்கில் சாஸ்ல்ஆத்டி-யுடன் இணைய முடியவில்லை என்று இருந்தால், எஸ்எம்டிபிடி சாஸ்எல் டைப் சைரஸ் என்ற இயல்பான சரிபார்ப்பு முறையிலேயே நிற்கிறது. அதை டவ்காட் என்று மாற்றி, பாதையை பிரைவேட்/ஆத் என்று கொடுங்கள். டவ்காட் பக்கம் அந்த சாக்கெட்டை போஸ்ட்ஃபிக்ஸின் ஸ்பூல் அடைவுக்குள் உருவாக்கி, உரிமையாளர் போஸ்ட்ஃபிக்ஸ், அனுமதி 0660 என்று வையுங்கள்.

587-இல் இணைப்பே மறுக்கப்படுகிறது என்றால் அந்தப் போர்ட்டில் யாரும் கேட்கவில்லை. போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் சப்மிஷன் பகுதி இயல்பாக வெறும் குறிப்புரையாக மூடிக் கிடக்கும். முன்னால் உள்ள ஹாஷை எடுத்துவிடுங்கள். மறுக்காமல், நேரம் கடந்துபோனால் ஃபயர்வால்.

வீட்டில் ஃபோனில் வருகிறது, ஆபீஸ் வைஃபையில் வரவில்லை. இது வேறு ரகம். உள்ளேயிருந்து வெளி ஐபிக்குப் போய் மறுபடி உள்ளே திரும்பும் வழியை உங்கள் ரவுட்டர் ஆதரிக்கவில்லை. பலர் இதற்கு அவுட்லுக்கில் 192.168.1.10 என்று உள் ஐபியையே எழுதிவிடுவார்கள். உடனே சான்றிதழில் பெயர் பொருந்தவில்லை என்ற எச்சரிக்கை தினமும் வரும், ஆட்களும் படிக்காமலே சரி என்று அழுத்தப் பழகிவிடுவார்கள். அதைவிட ஆபத்தான பழக்கம் இல்லை. ஆபீஸ் டிஎன்எஸ்ஸில் மெயில் சர்வரின் பெயருக்கு உள் ஐபியைக் கொடுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் வேலை செய்யும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரே காலையில் சான்றிதழ் எச்சரிக்கை வருகிறதா? லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள். செர்ட்பாட் நிரல் அதைப் புதுப்பித்திருக்கும், ஆனால் டவ்காட் பழையதையே நினைவில் வைத்திருக்கும். செர்ட்பாட்டின் டிப்ளாய் கொக்கி அடைவில் இரண்டு சேவைகளையும் ரீலோட் செய்யும் இரண்டு வரி நிரல் போட்டால் தீர்ந்தது. கணினியில் சரி, பழைய ஃபோனில் மட்டும் நம்பவில்லை என்றால் இடைநிலைச் சான்றிதழும் சேர்ந்த ஃபுல்செயின் கோப்புக்குப் பதில் தனிச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறீர்கள்.

பொதுப் பெட்டி மட்டும் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது

விற்பனை, இன்ஃபோ போன்ற பொது முகவரியை ஐந்து பேர் திறந்து வைத்திருப்பார்கள். டவ்காட் ஒரு பயனருக்கு ஒரு ஐபியிலிருந்து இயல்பாக 10 ஐமேப் (மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் முறை) இணைப்புதான் அனுமதிக்கும். ஒரு தண்டர்பேர்ட் மட்டுமே 5 இணைப்புவரை திறக்கும். வெளியிலிருந்து வருபவர்களும் நேட் வழியாக ஒரே ஐபியாகத் தெரிந்தால் இன்னும் சீக்கிரம் நிரம்பும். மெயில் மேக்ஸ் யூசர்ஐபி கனெக்‌ஷன்ஸ் என்பதை ஐமேப் பகுதியில் 50 ஆக்குங்கள்.

அதே பெட்டியில் மெயில்கள் தானாக மறைகின்றன என்றால் ஐவரில் ஒருவர் பாப்3-இல் இருக்கிறார். அவர் கணினி இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுகிறது. அவரை ஐமேப்புக்கு மாற்றும் முன் அந்தக் கணினியில் உள்ள கோப்பை நகலெடுங்கள், இறங்கிய மெயில்களுக்கு அது ஒன்றே பிரதி.

பெரிய இணைப்பு போகவில்லை

552 5.3.4 என்று திரும்பினால் மெயில் அளவு எல்லையைத் தாண்டியிருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான அளவு 10240000 பைட். இணைப்புகள் பேஸ்64 என்ற எழுத்து வடிவமாக மாறும்போது ஏறக்குறைய 37 சதவீதம் பெருகும், ஆகவே 7.4 எம்பி கோப்பே எல்லையைத் தொட்டுவிடும். 25 எம்பி கோப்பு வேண்டுமானால் மெசேஜ் சைஸ் லிமிட்டை 36700160 என்று வையுங்கள். எதிர் சர்வருக்கும் தனி அளவு எல்லை இருக்கும் என்பதையும் ஆட்களிடம் சொல்லிவிடுங்கள்.

இதை 51200000-க்கு மேல் ஏற்றினால் உள்வரும் மெயிலே நின்றுபோகலாம். விர்ச்சுவல் மெயில்பாக்ஸ் லிமிட்டின் இயல்பான அளவு அதுதான். பெட்டியின் எல்லை மெயிலின் எல்லையைவிடச் சிறிதாக இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸின் அந்தப் பகுதி இயங்க மறுக்கும். எல்எம்டிபி என்ற உள் ஒப்படைப்பு முறை மூலம் டவ்காட்டிடம் ஒப்படைப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

கியூவில் ஆயிரக்கணக்கில் தெரியாத மெயில்கள்

பதறி எல்லாவற்றையும் அழிக்காதீர்கள், உள்ளே உங்கள் ஆட்களின் மெயிலும் இருக்கிறது. போஸ்ட்சூப்பர் -ஹெச் ஆல் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வையுங்கள். இந்தக் கட்டளையில் ஆல் என்பதை மட்டும் பேரெழுத்தில் எழுத வேண்டும். பிறகு ஏதாவது ஒரு ஸ்பேமின் கியூ எண்ணை லாக்கில் தேடுங்கள்.

சாஸ்எல் யூசர்நேம் இருந்தால் அந்தப் பயனரின் கடவுச்சொல் களவு போயிருக்கிறது. மாற்றுங்கள், டவ்அட்ம் கிக் கொடுத்து உள்ளே இருக்கும் இணைப்புகளைத் துண்டியுங்கள், போஸ்ட்ஃபிக்ஸை மறுதொடக்கம் செய்யுங்கள். சாஸ்எல் யூசர்நேம் இல்லாமல், பிக்கப் வரியில் யூஐடி 33 என்று இருந்தால், டெபியனில் அது வெப் சர்வரின் பயனர். அதே கணினியில் ஓடும் ஏதோ ஓர் ஓட்டை பிஎச்பி நிரல்தான் அனுப்புகிறது.

இரண்டும் இல்லை, வரும் இணைப்புகள் எல்லாம் 192.168.1.1 என்று ரவுட்டரின் ஐபியையே காட்டுகின்றன என்றால்தான் உண்மையான விபரீதம். போர்ட் ஃபார்வர்டு செய்யும்போது ரவுட்டர் வெளியார் ஐபியைத் தன் ஐபியாக மாற்றி அனுப்புகிறது. அந்த ஐபி, கடவுச்சொல் இல்லாமலே அனுப்ப விடும் மைநெட்வொர்க்ஸ் பட்டியலில் இருக்கிறது. உலகமே உங்கள் ஆபீஸ் கணினியாகத் தெரிகிறது. ரவுட்டரில் உள்வரும் பக்கத்துக்கான மாஸ்கரேட் விதியை நீக்குங்கள். மைநெட்வொர்க்ஸில் 127.0.0.0/8 மட்டும் இருக்கட்டும், ஸ்கேனர், பிரின்டர் உட்பட எல்லோரும் 587-இல் கடவுச்சொல்லோடு வரட்டும். இதே கோளாறு இருக்கும்போது தவறாக முயலும் ஐபிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் நிறுவினால் அது ரவுட்டரையே தடைசெய்து, ஒட்டுமொத்த உள்வரும் மெயிலையும் நிறுத்தும்.

பிறகு ஸ்பேமை மட்டும் அனுப்புநர் முகவரி பார்த்து அழித்து, மீதியை போஸ்ட்சூப்பரின் பேரெழுத்து -ஹெச் மூலம் விடுவியுங்கள்.

எல்லாமே ஒரே நேரத்தில் நின்றது

452 4.3.1 என்றால் இடமில்லை. மெசேஜ் சைஸ் லிமிட்டைப்போல் ஒன்றரை மடங்காவது கியூ வட்டில் காலியாக இருந்தால்தான் போஸ்ட்ஃபிக்ஸ் புது மெயிலை வாங்கும். டிஎஃப் -ஹெச் இடம் இருப்பதாகக் காட்டினாலும் நம்பிவிடாதீர்கள், டிஎஃப் -ஐ போட்டுப் பாருங்கள். மெயில்டிர் முறையில் ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு. பல ஆண்டு மெயில் சேர்ந்தால் ஐநோடு, அதாவது வட்டில் கோப்புகளுக்கான எண்ணிக்கை, தீர்ந்துவிடும்.

மின்தடைக்குப் பின் எழுந்த சர்வரில் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று வந்தால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னோக்கிப் போயிருக்கும். சிஆர்2032 பேட்டரியை மாற்றி, நேரத்தை இணையத்தோடு ஒத்துவைக்கும் குரோனியை நிறுவுங்கள்.

டெபியன் 13-க்கு மேம்படுத்தியதும் டவ்காட் எழவில்லை என்றால் பழுது எதுவும் இல்லை. அதில் வருவது டவ்காட் 2.4, பழைய அமைப்புக் கோப்பு அதற்குப் புரியாது. முதல் வரியிலேயே டவ்காட் கான்ஃபிக் வெர்ஷன் என்று பதிப்பெண் கேட்கும். மெயில் லொகேஷன் என்ற ஒரே வரி மெயில் டிரைவர், மெயில் பாத் என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. சான்றிதழ் வரிகளின் பெயரும் மாறியிருக்கிறது. பழைய கோப்பைத் தட்டித் தட்டிச் சரிசெய்வதைவிட, புதிதாக வந்த மாதிரிக் கோப்பில் உங்கள் மதிப்புகளை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் டவ்கான்ஃப் -என் ஓட்டிப் பார்ப்பது விரைவு. ஆபீஸ் நாளில் இதைத் தொடங்காதீர்கள்.